இருபத்து மூன்றாம் பக்கம்

அந்த அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஆறு மாடிக்கும் அவள் பாஸ்வேர்டு அக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

காப்பீட்டுக் கம்பெனி அது. தரைத்தளத்தில், லிஃப்டைத் தாண்டி, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சப்போர்ட் அறை. ஏழு நாற்காலி, ஏழு ஹெட்செட், சுவரோரம் முழுக்கப் பழைய கீபோர்டுகள் அடைத்த ஒரு இரும்பு அலமாரி. பத்தொன்பது வருஷமாக அவள் அந்த அறையில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். "ஹலோ" என்று எதிர்முனையில் சொல்லும் விதத்திலேயே யார், எந்த மாடி, என்ன தொல்லை என்று சொல்லிவிடுவாள். ஐந்தாம் மாடிக் கணக்கு அதிகாரி கூப்பிட்டால் பிரிண்டரில் காகிதம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "நெட்வொர்க்ல ஏதோ கோளாறு" என்பார். "நெட்வொர்க்கைப் பார்க்கிறேன் சார், அதுவரைக்கும் அந்தக் கீழ் டிரேயை ஒரு தடவை இழுத்துப் பாருங்க" என்பாள் இவள். அவருக்கும் கௌரவம் குறையாது, பிரிண்டரும் ஓட ஆரம்பித்துவிடும். வேலை முடிந்ததும் புகாரைப் பதிந்த டிக்கெட்டில் ஒரே ஒரு வார்த்தை போட்டு மூடுவாள்: முடிந்தது.

இப்படிப்பட்ட கதைகள் அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. கேட்கத்தான் ஆள் இல்லை. கணவர் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடும். பத்தாவது முடித்த மகளுக்குக் காதில் எப்போதும் ஏதாவது பாடிக்கொண்டிருக்கும். தம்பி ஒருவன்தான் கேட்டான்.

தம்பி அவளைவிட எட்டு வயது சின்னவன். அம்மா போன பிறகு தலைவாரி, பை மாட்டி, பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவிட்டது அவள்தான். இப்போது பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் இருந்தான். என்ன வேலை என்று கேட்டால், "திட்டம் போடுற வேலைக்கா, சொன்னா உனக்கே தூக்கம் வந்துடும்" என்று சிரிப்பான். போன வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மதியச் சாப்பாட்டுக்கு வர ஆரம்பித்தான். "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்பான். "அந்த ஆறாம் மாடி டைரக்டர் கத்தும்போது நீ என்ன சொல்லுவே? அப்படியே சொல்லிக் காட்டு" என்பான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, குரலை மாற்றி, டைரக்டராகவும் தானாகவும் மாறி மாறிப் பேசிக் காட்டுவாள். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். வாரத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான் என்று கணவரிடம் ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு பேருக்கும் ஒரே மாதிரி மெயில் வந்தது. பத்து மணிக்கு ஆறாம் மாடிக் கூட்ட அறையில் முக்கிய அறிவிப்பு. புது மென்பொருள் ஏதோ வரப்போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உள்ளே போனால் ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தது.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் சர்வர் அண்ணன். சப்போர்ட் அறையிலேயே வயதில் மூத்தவர், முதுகுவலிக்காரர். அவர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் காதோரம் சொன்னார்.

"பதினேழு வருஷத்துல நமக்கு யாரும் தண்ணி வெச்சதில்ல. நல்ல சேதி இல்லம்மா."

அவள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் மேலாளர் பேச ஆரம்பித்துவிட்டார். திரையில் ஒரு சூரிய உதயப் படம். செலவு, போட்டி, மாறும் காலம் என்று அஞ்சாறு நிமிஷம் போயிற்று. பிறகு அதே குரலில், அதே வேகத்தில், கம்ப்யூட்டர் சப்போர்ட் பணி முழுவதும் வெளிநிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்படுகிறது என்றார். தொண்ணூறு நாள். அதற்குள் வேலையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.

ஒரு கைபேசி மேசையில் கவிழ்ந்தபடி அதிர்ந்துவிட்டு ஓய்ந்தது. அவளுக்கு மேலாளரின் வாய் அசைவது தெரிந்தது, சொல் எதுவும் வந்து சேரவில்லை. பாட்டில் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

அப்போதுதான் கேபிள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

கேபிள் என்பது சப்போர்ட் அறையில், ஏணி போட்டுக் கூரைக்குள் வயர் இழுக்கிறவனுக்கு வைத்த பெயர். முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள். இரண்டு மாதத்துக்கு முன் அவனுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போகவா இருக்கவா என்று அவளிடம்தான் வந்து கேட்டான். அவள் ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் விசாரித்தாள். "உங்க ரூமை எவனும் தொட மாட்டான்க்கா, தாராளமா இருக்கச் சொல்லு" என்றான் தம்பி. அவள் அதை அப்படியே கேபிளிடம் சொன்னாள். அவன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டான்.

இப்போது அவன் பார்வையில் கோபம்கூட இல்லை. மலைத்துப்போய்ப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். 'தம்பிக்கும் தெரிந்திருக்காது, பாவம், அவன் என்ன ஜோசியனா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் அவர்களுக்கு ஒரு ஆவணம் வந்தது. நாற்பத்தொரு பக்கம். 'அழைப்புகளைக் கையாளும் முறை' என்று தலைப்பு. வெளிநிறுவனம் தயாரித்தது, படித்துப் பார்த்துப் பிழை இருந்தால் குறித்து, சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். அனுபவத்தில் மூத்தவள் என்பதால் அந்தப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

அச்செடுத்து, பேனாவோடு உட்கார்ந்தாள். முதல் நாலு பக்கத்தில் அவளுக்கு ஆச்சரியம்தான். யாரோ முன்பின் தெரியாதவர்கள் இந்த வேலையை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்களே என்று. மாதக் கடைசி வெள்ளியில் இரண்டாம் மாடியில் அழைப்பு இரட்டிப்பாகும் என்று எழுதியிருந்தது. சரிதான். நீண்ட விடுமுறைக்கு மறுநாள் காலை முதல் ஒரு மணி நேரம் பாஸ்வேர்டுக்கென்றே ஒரு ஆளை ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. அதுவும் சரிதான், அவளே கண்டுபிடித்துச் செய்துவந்த ஏற்பாடு அது.

ஒன்பதாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

'ஐந்தாம் மாடிக் கணக்குப் பிரிவு நெட்வொர்க் கோளாறு என்று புகார் செய்தால், பெரும்பாலும் பிரிண்டரில் காகிதம் இருக்காது. அதை நேரடியாகச் சொல்லக் கூடாது. கீழ் டிரேயை இழுத்துப் பார்க்கும்படி சொல்ல வேண்டும். பயனரின் கௌரவம் காக்கப்படும்.'

இது எந்த டிக்கெட்டிலும் இல்லை. இதைப் பற்றி அவள் எங்கேயும் ஒரு வரி எழுதி வைத்ததில்லை. பக்கத்து நாற்காலிக்காரிக்குக்கூட இது தெரியாது.

வேகமாகப் புரட்டினாள். வரிக்கு வரி தன் வாய். 'மௌஸ் வேலை செய்யவில்லை என்பவரிடம், அது செத்துவிட்டதா என்று கேட்கக் கூடாது, தூங்குகிறதா என்று கேட்க வேண்டும்.' இது அவளுடைய ஜோக். அட்சரம் பிசகாமல் அவளுடையது. இருபத்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். கோபமான பயனர்களைச் சமாளிக்கும் பகுதி அது.

'பயனர் கத்தினால் முதலில் ஒரு நிமிடம் பேசவிட வேண்டும். குறுக்கிடக் கூடாது. அவங்க மூச்சு வாங்குற இடம் ஒண்ணு வரும், அங்கதான் நாம நுழையணும். அம்மா என் சாக்ஸ் எங்க. வெள்ளை ஒண்ணுதான் இருக்கு. கட்டிலுக்கு அடியில பாரு. அதன் பிறகு பயனரின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும்.'

மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவை படிக்கும்போது எழுத்து கலங்கியது. பக்கத்தில் யாரோ ஹெட்செட்டில், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, வேர்த்துக் கொட்டுது?" என்றார் சர்வர் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே. இதோ வந்துடறேன்."

கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"நீ எப்ப சாக்ஸ் தேடினே?"

"என்னம்மா திடீர்னு? நான் தினமும்தான் தேடுறேன்."

"வெள்ளை ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னியே. ஒரு ஞாயிற்றுக்கிழமை."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "ஓ, ஹாக்கி மேட்ச் அன்னிக்கா? நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க. மாமாகூட கிண்டல் பண்ணாரே, ஒத்தைக் காலோட ஓடு, எதிர் டீம் பயந்துடும்னு. ஏம்மா? சாக்ஸ் கிடைச்சுதா?"

அவள் போனை வைத்தாள். காகிதத்தை மறுபடி பார்த்தாள். மாமாவின் கிண்டல் அதில் இல்லை. 'அப்புறம் என்னக்கா ஆச்சு' இல்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஒரு துளி இல்லை. தம்பி தன் குரல் விழுந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் துடைத்திருக்கிறான். அக்கா மகளின் குரலை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டான்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தம்பியின் வீட்டுக்குப் போனாள். நாலாவது மாடி. லிஃப்டுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினாள். தம்பி மனைவி கதவைத் திறந்தாள்.

"வாங்க அண்ணி! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க? உட்காருங்க, தண்ணி கொண்டுவரேன்."

தம்பி உள்ளேயிருந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். அக்காவின் கையிலிருந்த காகிதக் கட்டைப் பார்த்தான். துண்டு அப்படியே கன்னத்தில் நின்றது. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. வழியெல்லாம் 'இருக்காது, வேறு ஏதாவது காரணம் இருக்கும்' என்று அவளே அவனுக்காக வாதாடிக்கொண்டு வந்திருந்தாள். அது அங்கேயே முடிந்துவிட்டது.

"இருபத்து மூணாம் பக்கம்" என்று நீட்டினாள்.

அவன் வாங்கிப் படித்தான். "ச்சே" என்றான். அவ்வளவுதான். காலில் எதையோ இடித்துக்கொண்டவன் சொல்வதைப் போல.

"ரெக்கார்ட் பண்ணினியா?"

"அக்கா, உட்காரு. சொல்றேன்."

"பண்ணினியா இல்லையா?"

"நான் பேப்பர் பேனாவோட உட்கார்ந்து எழுதினா நீ அப்படிப் பேசியிருப்பியா? உன் டிக்கெட்ல எல்லாம் 'முடிந்தது'ன்னு ஒரு வார்த்தைதான் இருக்கு. அதை வெச்சு என்ன பண்றது? உங்க கம்பெனி டெண்டர் விடப்போகுதுன்னு தெரிஞ்சப்ப நாலு கம்பெனி போட்டியில இருந்துச்சு. எங்ககிட்டதான் இந்த விவரமெல்லாம் இருந்துச்சு. அதனாலதான் எங்களுக்குக் கிடைச்சுது."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. அதுதான் அவளை அறைந்தது.

"கேபிள் விஷயமா நான் கேட்டப்ப, எவனும் தொட மாட்டான்னு சொன்னியேடா."

"வெளியே சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா. நான் வேற என்ன சொல்ல முடியும்?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

தம்பி மனைவி தண்ணீர் டம்ளரோடு நடு அறையில் அப்படியே நின்றிருந்தாள். அவளுக்கும் இதெல்லாம் புதுச் சேதி என்று முகத்திலேயே தெரிந்தது.

"என்னங்க," என்றாள் மெதுவாக, "நான் எங்கம்மாகிட்ட போன்ல பேசறதெல்லாம்...?"

"உனக்கென்ன பைத்தியமா? அது எதுக்கு எனக்கு?" என்று எரிந்து விழுந்தான். பிறகு அக்கா பக்கம் திரும்பி, சின்ன வயதில் பம்பரம் கேட்கும் அதே குரலில் சொன்னான். "நான் உன்னை விட்டுடுவேனா? அனுப்பற லிஸ்ட்ல ஆறு பேருதான் இருக்காங்க. உன் பேரு இல்ல. எங்க கம்பெனியிலயே உனக்கு ஒரு இடம் போட்டு வெச்சிருக்கேன். புதுசா வர்றவங்களுக்கு நீதான் சொல்லிக் கொடுக்கப்போறே. வர்ற வாரம் லெட்டர் வரும். நீயே சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன்."

ஆறு பேர். அவள் மனசு தன்னையறியாமல் எண்ணியது. சர்வர் அண்ணன், கேபிள், பக்கத்து நாற்காலிக்காரி... தன் வாயால் அவர்கள் ஆறு பேரையும் வெளியே தள்ளிவிட்டு, அதற்குப் பரிசாகத் தனக்கு மட்டும் ஒரு நாற்காலி.

"நீ வந்து சாப்பிட்டதெல்லாம் அதுக்குத்தானா?" என்று கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அதுக்கு மட்டும் இல்லக்கா" என்றான் அவன்.

பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் காகிதக் கட்டை அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு படியிறங்கினாள். பின்னாலேயே தம்பி மனைவி இரண்டு மாடிவரை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவருக்குத் தூக்கம் பறந்துவிட்டது. முழுவதும் கேட்டார். "சாப்பாட்டு மேசையிலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை சப்போர்ட் அறையின் கதவைச் சாத்திவிட்டு, போன்களை ஓரமாக ஒதுக்கச் சொல்லிவிட்டு, ஆறு பேர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்து மூன்றாம் பக்கத்தையும் படித்துக் காட்டினாள். சாக்ஸ் இடத்தில் யாரோ பாதிச் சிரிப்பு சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். லிஸ்டில் தன் பெயர் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியாதா?" என்று பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள். பத்து வருஷம் ஒரே டப்பாவில் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டவள்.

"தெரியாது. என் பொண்ணு மேல சத்தியமா தெரியாது."

பக்கத்து நாற்காலிக்காரி தலையாட்டினாள். நம்பினாளா இல்லையா என்று அந்தத் தலையாட்டலில் எதுவும் தெரியவில்லை.

கேபிள் எழுந்து சுவரில் சாய்த்திருந்த ஏணியை எடுத்தான். மூன்றாம் மாடியில் ஒரு வயர் பாக்கி இருந்தது. கதவருகே நின்று திரும்பினான்.

"நான் உங்களை நம்பிக் கேட்டேன்க்கா. நீங்க போய் அவன்கிட்ட கேட்டீங்க."

ஏணி கதவில் இடிக்காமல் சாய்த்து எடுத்துக்கொண்டு போனான்.

அவள் காகிதக் கட்டோடு எழுந்தாள். மேலாளரைப் பார்க்கப் போகிறேன் என்றாள். சர்வர் அண்ணன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"போகாதேம்மா. ரெக்கார்ட் பண்ணினது அவன்தான். ஆனா கம்பெனி விஷயத்தை வெளியே பேசினது நீ. அவங்க முதல்ல உன் கழுத்தைத்தான் பிடிப்பாங்க."

"பிடிக்கட்டும்ண்ணே."

மேலாளர் அவளை உட்காரச் சொன்னார். இருபத்து மூன்றாம் பக்கத்தை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். இது திருட்டு, ஒரு குடும்பத்தின் மேசையிலிருந்து திருடியது என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார், குறைந்தபட்சம் திடுக்கிடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் இரண்டு வரியின் மேல் விரலை வைத்தார். உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"இதை மட்டும் எடுத்துட்டா சரியாயிடும் இல்ல?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எதை சார்?"

"இந்த சாக்ஸ் வரியை. மத்தபடி ரொம்ப நல்லா வந்திருக்கே."

"சார், இது எங்க வீட்டுல நான் பேசினது. எனக்குத் தெரியாம எடுத்தது."

"நல்லாத்தான் பேசியிருக்கீங்க" என்றார் அவர். அவர் நிஜமாகவே பாராட்டினார். "இதைப் பெரிசாக்காதீங்கம்மா. விசாரணைன்னு வந்தா, உள்விஷயத்தை வெளியே சொன்னது யாருன்னுதான் முதல்ல கேட்பாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன். உங்களுக்குத்தான் அங்க இடம் இருக்கே."

அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. எல்லாமே தெரிந்திருக்கிறது. அவள் எழுந்து வந்தாள். லிஃப்டுக்குள் ஏறி, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாம் மாடியில் யாரோ லிஃப்டைக் கூப்பிட்ட பிறகுதான் அது நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை அவள் ஆவணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். சரிபார்த்தேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போடவில்லை. முதல் பக்கத்தில் பேனாவால் எழுதினாள்: 'இது என் வீட்டில், என் குடும்பத்தோடு நான் பேசிய பேச்சு. என் அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்டது. இதை நான் சரிபார்க்க மாட்டேன்.' அதைப் படமெடுத்து, மேலாளருக்கும் அந்த வெளிநிறுவனத்துக்கும், அறையிலிருந்த ஆறு பேருக்கும் அனுப்பினாள்.

என்னென்னவோ நடக்கும் என்று நினைத்தாள். எதுவும் நடக்கவில்லை. அன்று மாலைக்குள் லிஸ்டில் ஆறு ஏழாயிற்று, அவ்வளவுதான். அடுத்த வாரம் அதே ஆவணம் 'திருத்திய பதிப்பு' என்று திரும்பி வந்தது. இருபத்து மூன்றாம் பக்கத்தில் மகளின் வரிகள் இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. சரிபார்த்தேன் என்ற இடத்தில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஐம்பதாவது நாளிலிருந்து போன்கள் மெல்ல மெல்ல வேறு எங்கேயோ அடிக்க ஆரம்பித்தன. சப்போர்ட் அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஐந்தாம் மாடிக் கணக்கு அதிகாரி தானே கீழே இறங்கி வந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அந்த அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"பிரிண்டருக்கு போன் பண்ணினேன்மா. யாரோ ஒரு பொண்ணு எடுத்தா. கீழ் டிரேயை இழுத்துப் பாருங்கன்னா. ஜோக்கும் அடிச்சா. முதல்ல நீங்கதான்னு நினைச்சேன். பேசப் பேச குரல்தான் வேற." அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. அதான் நீங்க இருக்கீங்களான்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"இருக்கேன் சார்" என்றாள்.

தொண்ணூறாவது நாள் ஏழு பேரும் அடையாள அட்டையை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். சர்வர் அண்ணன் எல்லாரிடமும் தனித்தனியாகக் கைகுலுக்கினார். பக்கத்து நாற்காலிக்காரி அவளைக் கட்டிக்கொண்டாள், ஆனால் சட்டென்று விட்டுவிட்டாள். கேபிள் எதிர்ப்பக்கம் போய்ப் பஸ்ஸுக்கு நின்றான். அவன் பஸ் அந்தப் பக்கத்திலிருந்து கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

அவனுக்காக அவள் அந்த ஆஸ்பத்திரிக்கு நேரில் போய்க்கூடக் கேட்டுப் பார்த்தாள். அந்த இடத்துக்கு எப்போதோ ஆள் வந்துவிட்டது. இப்போது ஒரு கைபேசிக் கடையில் கண்ணாடி மாற்றிக்கொண்டிருக்கிறான் என்று சர்வர் அண்ணன் சொன்னார். ஒருமுறை அந்தக் கடையைக் கடந்து போனாள். குனிந்த தலையைப் பார்த்தாள். உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை.

அவளுக்கு நாலு மாதம் கழித்து ஒரு பல் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஊருக்குள் அதற்கு நாலு கிளை. நாலிலும் கம்ப்யூட்டர் பார்க்க வேண்டியது அவள் ஒருத்திதான். பையில் இரண்டு மௌஸ், ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாள். அங்கே யாரும் அவளைப் பாஸ்வேர்டு அக்கா என்று கூப்பிடவில்லை. மேடம் என்றார்கள். அவள் வேலை பார்க்கும்போது அதிகம் பேசுவதில்லை. யாராவது கதை கேட்டால், "என்ன, எல்லாம் எப்பவும் போலத்தான்" என்று முடித்துக்கொள்வாள்.

தம்பி வீட்டுப் படியிறங்கிய நாளிலிருந்து பத்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், அவன் வந்தான். சொல்லிவிட்டு வரவில்லை. பதவி உயர்வு கிடைத்து வேறு ஊருக்குப் போகிறானாம். பழம் வாங்கி வந்திருந்தான். மகள் கதவைத் திறந்து, மாமாவைப் பார்த்து, உள்ளே வாங்க என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"வா" என்றாள் அவள்.

உட்கார்ந்தார்கள். காப்பி கொடுத்தாள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். மகளின் பரீட்சையைப் பற்றி, அவன் போகிற ஊரில் கிடைக்கும் வீடுகளைப் பற்றிப் பேசினார்கள். தம்பிக்குக் காதோரம் நரைத்திருந்தது. ஒருமுறை அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்து, தொண்டையைக் கனைத்து, "புது இடத்துல வேலை எப்படிக்கா?" என்று கேட்டான்.

"நல்லா போகுது" என்றாள்.

அவன் காத்திருந்தான். அதற்குமேல் அவளிடமிருந்து எதுவும் வராது என்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தாள். அதைப் பார்த்து மனசு குளிரும் என்று இந்தப் பத்து மாதத்தில் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். குளிரவில்லை. காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவிய டம்ளரையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

அவன் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனான். அவள் ஜன்னலுக்கு வந்தாள், ஏன் வந்தாள் என்று தெரியாது. தெருமுனையில் அவன் நின்று, திரும்பி, மேலே பார்த்துக் கையசைத்தான். அவளுடைய கை தானாக உயர்ந்துவிட்டது.

உயர்ந்த கையைத் திடுக்கிட்டுப் பார்த்தாள். இறக்கவும் தோன்றவில்லை, அசைக்கவும் தோன்றவில்லை. அவன் திருப்பத்தில் மறைந்த பிறகும் அது அப்படியே ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.